லாரி நெளியும், வீடு நெளியாது

கடலூர் முதுநகரில் ஒரு பட்டறை. எங்கள் வண்டியின் பெட்டியைக் கிரேன் தூக்கி, லாரியின் அடிச்சட்டமான சேஸ் மேல் வைத்த நாள் அது. வண்டி, பழைய ஃபோர் வீல் டிரைவ் சிறு லாரி. பெட்டி, நானும் மாமாவும் எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிய ஓர் அறை. இருவர் படுக்க ஒரு கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, இரண்டு சன்னல், பக்கவாட்டில் ஒரு கதவு. சட்டத்தைச் சுற்றிக் கவ்வும் யூ போல்ட் பன்னிரண்டு போட்டு, ஸ்பேனரில் நீளமான குழாயைச் செருகி இறுக்கினோம். மூலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தபோது இம்மியும் அசையவில்லை. எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி.

மூன்று மாதம் கழித்து, ஆரோவில் பக்கத்துச் செம்மண் பள்ளங்களில் ஒரு பகல் முழுக்க ஓட்டிவிட்டு நிறுத்தினால், கதவு திறக்கவில்லை. கதவுச் சட்டத்தின் மேல் மூலையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். பெட்டி பலமாக இல்லை என்று நினைத்து உள்பக்கம் இரும்பு ஆங்கிள் வைத்துப் பற்றவைத்தோம். அடுத்த பயணத்தில் எதிர் மூலை விரிந்தது. குறை பெட்டியில் இல்லை, பெட்டியும் சேஸும் சேரும் இடத்தில் இருக்கிறது என்று புரிந்தது அந்த இரண்டாவது விரிசலுக்குப் பிறகுதான்.

இப்படித் தங்கிப் பயணிக்கும் வண்டியை, அதாவது கேம்பர் லாரியை, சொந்தமாகக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, சோலார் எத்தனை வாட், பேட்டரி எத்தனை ஆம்பியர் என்றுதான். அதையும் சொல்கிறேன். ஆனால் சேஸ் ஏன் நெளிகிறது என்று தெரியாமல் ஒரு பலகைகூட வாங்கிவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

ஏணி மாதிரி ஒரு சேஸ்

ஏதாவது ஒரு லாரிக்கு அடியில் குனிந்து பாருங்கள். முன்னிருந்து பின்வரை இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள் ஓடும். இடையிடையே குறுக்குச் சட்டங்கள். பார்க்க ஏணியைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். நீளச் சட்டத்தை வெட்டிப் பார்த்தால், ‘ப’ எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்த வடிவம். மூன்று பக்கம் இரும்பு, நாலாவது பக்கம் திறந்திருக்கும்.

அந்தத் திறந்த பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டில் ஒரு முழ நீளத்துக்கு பி.வி.சி. குழாய்த் துண்டு கிடந்தால் இரண்டு முனையையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். அசையாது. இப்போது அதே குழாயை ஒரு பக்கம் மட்டும், நீளவாக்கில், ரம்பத்தால் ஒரே கோடாக அறுத்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். கையோடு வரும். பொருள் அதேதான், எடையும் ஏறக்குறைய அதேதான், ஆனால் முறுக்கைத் தாங்கும் வலு பல மடங்கு குறைந்துவிட்டது. மூடிய வடிவம் முறுக்குக்கு இடம் தராது, திறந்த வடிவம் தரும். இதைக் கையால் உணர்ந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. அதனால் படிப்பதோடு விடாமல் செய்தே பாருங்கள்.

லாரி செய்கிறவர்கள் இது தெரிந்துதான் திறந்த வடிவத்தை வைக்கிறார்கள். முன் இடது சக்கரம் ஒரு மேட்டிலும் பின் வலது சக்கரம் இன்னொரு மேட்டிலும் ஏறும்போது, முதலில் ஸ்பிரிங் பட்டைகள் வளைந்து கொடுக்கும். அவை முடிந்த அளவு வளைந்த பிறகும் தரை இன்னும் கோணலாக இருந்தால், மீதியைச் சேஸ்தான் நெளிந்து சமாளிக்க வேண்டும். சேஸ் நெளியாவிட்டால் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். எழும்பிய சக்கரம் சும்மா சுற்றும். இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் தன்மையால், தரையில் இருக்கும் ஜோடிச் சக்கரத்துக்கு இழுவை போகாது. வண்டி அங்கேயே நிற்கும். நான்கு சக்கரமும் மண்ணைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சேஸுக்கு இந்த நெளிவு.

நம் கடற்கரைக்கு இது பழகிய யோசனைதான். புதுச்சேரியில் கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க வழியில்லாத காலத்தில், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியவை மசூலா வகைப் படகுகள். சென்னையிலும் அப்படித்தான். அவற்றின் பலகைகளுக்கு ஆணி கிடையாது, கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கிக் கரையில் போடும்போது தையல் இளகிக் கொடுக்கும், பலகை உடையாது. ஆணி அடித்த கனமான படகுகள் அந்த அலையைத் தாங்கவில்லை. தேவனாம்பட்டினம் கரையில் நின்று அலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது லாரி சேஸ் ஞாபகம்தான் வருகிறது. அலைக்குப் பதில் மேடு பள்ளம்; மற்றபடி இரண்டும் ஒன்றே.

இனி பெட்டிக்கு வருவோம். தரை, கூரை, நான்கு சுவர் என்று ஆறு பக்கமும் மூடியது. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியை மூடி இல்லாமல் முறுக்கினால் நெளியும். மூடியைப் போட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டு முறுக்கினால் கல் மாதிரி நிற்கும். நாம் கட்டும் அறை, டேப் ஒட்டிய பெட்டி. அது நெளியாது, நெளியவும் கூடாது. நெளிந்தால் சன்னல் கண்ணாடி தெறிக்கும், கதவு சிக்கும், கூரை இணைப்பு பிளந்து மழை உள்ளே வரும்.

ஆக, கீழே நெளியும் ஏணி, மேலே நெளியாத பெட்டி. நான்கு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அந்த நீளத்துக்குள் சேஸ் மூன்று பாகை முறுக்கிக்கொண்டால், ஒரு மூலைக்கும் பெட்டி இருக்க விரும்பும் மட்டத்துக்கும் வரும் வித்தியாசம் பத்து சென்டிமீட்டர். அரை சாண்! பன்னிரண்டு யூ போல்ட் போட்டு அந்த அரை சாணை நடக்கவிடாமல் தடுக்கப் பார்த்தோம் நாங்கள்.

“லாரிகளுக்கெல்லாம் யூ போல்ட்தானேண்ணே போடுறாங்க?” என்று பட்டறை வெல்டரிடம் கேட்டேன். நாமக்கல் பக்கம் பல ஆண்டுகள் லாரி பாடி கட்டியவர் அவர். சொன்னார்: “தம்பி, கரும்பு ஏத்துற பாடி வேற, நீங்க கட்டுனது வேற. அது மேல தொறந்து கெடக்கும், மரமும் பலகையும் சேஸு கூடவே நெளியும். நீங்க கட்டுனது டப்பா. டப்பாவ இறுக்கிக் கட்டுனா ஒண்ணு டப்பா கிழியும், இல்லன்னா சேஸு கிழியும்.”

அவர் சொன்னதில் இரண்டாவது பாதிதான் பயங்கரமானது. பெட்டி கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். பெட்டியை இன்னும் இன்னும் பலமாக்கிக்கொண்டே போனால், பெட்டி இருக்கும் நீளம் முழுக்கச் சேஸ் நெளிய முடியாமல் ஆகிவிடும். முழு நெளிவும் கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் ஒரு முழ இடத்தில் வந்து குவியும். சேஸ் அந்த இடத்தில் விரிசல் விடும். நாங்கள் ஆங்கிள் வைத்துப் பற்றவைத்தபோது அந்த ஆபத்தைத்தான் வளர்த்துக்கொண்டிருந்தோம்.

பிடித்தும் பிடிக்காமலும்

சரி, எப்படிச் சேர்ப்பது? எந்த வழியில் போனாலும் பெட்டிக்கு அடியில் அதற்கென்று தனியாக ஒரு இரும்புச் சட்டம் செய்ய வேண்டும். பட்டறையில் சப் ஃபிரேம் என்பார்கள். பெட்டி அதன்மேல் நிரந்தரமாக உட்காரும். சப் ஃபிரேமுக்கும் சேஸுக்கும் நடுவில்தான் நம் வித்தை. உலகம் முழுக்க மூன்று வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன.

முதல் வழி, ஸ்பிரிங் வைத்துப் பிடிப்பது. சப் ஃபிரேமின் இரண்டு நீளச் சட்டங்களும் சேஸ் சட்டங்களின் மேல் முழு நீளத்துக்கும் படிந்து உட்காரும். பின் சக்கரங்களுக்கு மேல் மட்டும் இறுக்கமாகப் போல்ட். முன்பக்கத்தில் போல்ட்டுக்குச் சுருள் ஸ்பிரிங் போட்டு, ஓரளவு அழுத்தி வைப்பார்கள். தார்ச்சாலையில் பெட்டி சேஸோடு ஒட்டியே ஓடும். பள்ளத்தில் சேஸின் ஒரு பக்கம் கீழே இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கி, சப் ஃபிரேம் அந்தப் பக்கம் சேஸை விட்டுச் சற்று எழும்பும். சமதரைக்கு வந்ததும் மறுபடி படியும். பெட்டி பக்கவாட்டில் நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் தடித்த தகடுகள் வைப்பது கட்டாயம். இதில் பெரிய நன்மை, எடை சேஸின் நீளம் முழுக்கப் பரவி இறங்குவது. ஒரே இடத்தில் குத்தாது.

இரண்டாவது, மூன்று புள்ளிப் பிடிப்பு. முக்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கோணலான தரையிலும் முக்காலி ஆடாமல் நிற்கும், நாற்காலி ஆடும். பின்னால் இரண்டு பிடிப்பு, முன்னால் நடுவில் ஒரே ஒரு சுழல் பிடிப்பு. சேஸ் எந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டாலும் முன் சுழல் திரும்பிக்கொள்ளும், பெட்டிக்கு முறுக்கே போய்ச் சேராது. ஆனால் மொத்த எடையும் மூன்றே இடத்தில் இறங்குகிறது. அந்த மூன்று இடத்திலும் சேஸ் அதைத் தாங்க வேண்டும், சப் ஃபிரேமும் பாலம் மாதிரி தன் வலுவிலேயே நிற்க வேண்டும். அதனால் சப் ஃபிரேம் கனமாகும், பெட்டியின் உயரமும் கூடும்.

மூன்றாவது, நான்கு புள்ளி. முன்னால் நடுவில் ஒரு சுழல், பின்னால் நடுவில் ஒரு சுழல், இடுப்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மேலிருந்து பார்த்தால் வைர வடிவம். முன்பக்கம் ஒரு திசையிலும் பின்பக்கம் எதிர்த் திசையிலும் திரும்பும்போது பெட்டி இரண்டுக்கும் நடு மட்டத்தில் நிற்கும். மெர்சிடிஸின் யுனிமாக் போல, நன்றாக நெளிவதற்கென்றே சேஸ் அமைந்த வண்டிகளில் இந்த மூன்று, நான்கு புள்ளி முறைகளை நிறையப் பார்க்கலாம்.

முதன்முறை கட்டுகிறவருக்கு நான் சொல்வது ஸ்பிரிங் முறைதான். நுணுக்கமான கடைசல் வேலை குறைவு, எடை பரவுகிறது, அளவில் ஒரு சிறு பிசகு இருந்தாலும் உடனே உயிருக்கு ஆபத்தாகாது. சுழல் பிடிப்பில் ஒரு பின் உடைந்தால் பெட்டி போய்விடும். எங்கள் வண்டியில் முன்னால் இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு ஸ்பிரிங் போட்டிருக்கிறோம்.

எந்த முறையானாலும் மாறாத ஒரு விதி. சேஸ் சட்டத்தின் மேல் மட்டத்திலும் கீழ் மட்டத்திலும் துளை போடக் கூடாது, பற்றவைக்கவும் கூடாது. வண்டி வளையும்போது அதிக இழுப்பும் அழுத்தமும் வருவது அந்த இரண்டு மட்டத்தில்தான். செங்குத்தாக இருக்கும் நடுத் தகட்டில் கம்பெனியே போட்ட துளைகள் இருக்கும்; அவற்றில் போல்ட் போடுங்கள். லாரி செய்யும் கம்பெனிகள் பாடி கட்டுபவர்களுக்கென்று தனிக் கையேடு வைத்திருக்கும். உங்கள் வண்டிக்கு உரியதைத் தேடிப் படித்துவிட்டு வெல்டரிடம் போங்கள்.

எடை மேடை

இரண்டாவது பெரிய விஷயம் எடை. ஒவ்வொரு வண்டிக்கும், தன்னையும் சேர்த்துத் தாங்கக்கூடிய மொத்த எடை என்று ஒரு எண் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். வெறும் சேஸும் கேபினும் எவ்வளவு என்று எடை மேடையில் போட்டுப் பாருங்கள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு லாரிகளுக்கு எடை போடும் மேடைகள் உண்டு, சின்னக் கட்டணம்தான். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை, முழு வண்டியையும் ஏற்றி ஒரு முறை போட்டால், முன் அச்சிலும் பின் அச்சிலும் எவ்வளவு என்று தனித்தனியே தெரிந்துவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு. தாங்கும் எடை 5,300 கிலோ. சேஸும் கேபினும் 2,300. மிச்சம் 3,000 என்றதும் தாராளமாகத் தோன்றும். பெட்டியும் சப் ஃபிரேமும் 900. உள்ளே கட்டில், அலமாரி, மேடை 450. தண்ணீர் 150 லிட்டர் என்றால் 150 கிலோ. கூடுதல் டீசல் 100. பேட்டரி, சோலார், வயர் 120. இரண்டு ஸ்டெப்னி 120. ஜாக்கி, மண்வெட்டி, இழுவைக் கயிறு, கருவிகள் 150. ஆள் இருவர் 150. துணி, அரிசி, பாத்திரம், புத்தகம் எல்லாம் சேர்த்து 200. மொத்தம் 2,340. வண்டி 4,640 கிலோவில் நிற்கிறது, தாங்கும் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 88 பங்கு. தார்ச்சாலைக்கு இது போதும். மண் பாதைக்குப் போகிறவர் இதற்கு மேல் ஒரு கிலோகூட ஏற்றக் கூடாது என்பது என் கருத்து. பள்ளத்தில் விழும் ஒரு நொடியில் அச்சின் மேல் வரும் அடி, நிற்கும் எடையைவிட மிக அதிகம்.

எவ்வளவு என்பதோடு, எங்கே என்பதும் முக்கியம். இரண்டு ஸ்டெப்னியையும் தாங்கியோடு சேர்த்து 140 கிலோவைப் பெட்டியின் பின்சுவரில், பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் தள்ளித் தொங்கவிட்டோம் என்று வையுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மூன்று மீட்டர். ஏற்றம் இறக்கம் விளையாடும் பலகை மாதிரி அது முன் அச்சிலிருந்து 70 கிலோவைத் தூக்கிவிடும். பின் அச்சில் 210 கிலோ ஏறும். ஸ்டியரிங் லேசாகிவிட்டதே என்று முதலில் சந்தோஷமாக இருக்கும். ஈரச் சாலையில் முன் சக்கரம் பிடிக்காமல் போகும்போதுதான் காரணம் தெரியும். தண்ணீர்த் தொட்டியை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். உள்ளே தடுப்புகள் இருக்கட்டும். பாதி நிறைந்த தொட்டியில் தண்ணீர் அலையடித்தால் வளைவில் வண்டியையே ஆட்டும்.

உயரம் பற்றியும் ஒரு கணக்கு. சக்கரங்களுக்கு இடையே 1.6 மீட்டர் அகலம், வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் என்றால், பக்கவாட்டில் ஏறக்குறைய 30 பாகை சாயும்வரை கவிழாது. கூரையில் சாமான் ஏற்றி எடை மையம் 1.7 மீட்டருக்குப் போனால் அது 25 பாகையாகிவிடும். ஸ்பிரிங் சாய்வதால் நிஜத்தில் இன்னும் குறையும். கூரை, சோலார் பலகைக்கு மட்டும்.

ஜெர்மனியைச் சேர்ந்த குந்தர் ஹோல்டார்ஃப் என்பவர் ‘ஓட்டோ’ என்று பெயரிட்ட ஒரு மெர்சிடிஸ் ஜீப் வண்டியில் 1980களின் இறுதியில் புறப்பட்டு 2014 வரை சுமார் 9 லட்சம் கி.மீ. உலகம் சுற்றினார். படுக்கை வண்டிக்குள்ளேயேதான். அந்த வண்டி இன்று ஸ்டுட்கார்ட்டில் அந்தக் கம்பெனியின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கட்டில் எத்தனை அடி, கழிப்பறை எங்கே என்று பெரிதாகக் கற்பனை ஓடும்போதெல்லாம் நான் அந்தச் சின்ன வண்டியை நினைத்துக்கொள்வேன்.

பெட்டியை எதில் கட்டுவது

கடலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். முதுநகர் துறைமுகத்துக்குப் போய் நின்றால், வெளியூருக்கு மீன் ஏற்றிப் போகும் குளிர் காப்பு வண்டிகளைப் பார்க்கலாம். அந்தப் பெட்டியின் சுவர்தான் நமக்கு வேண்டிய சுவர்: வெளியே மெல்லிய தகடோ ஃபைபரோ, நடுவில் நுரை, உள்ளே மறுபடி ஒரு தகடு. பஃப் பேனல் என்று கேட்டால் கிடைக்கும். 40 முதல் 50 மி.மீ. தடிமன் போதும். லேசானது, வெயிலை உள்ளே விடாது. ஃபைபர் படகு கட்டுகிறவர்களும் இந்தக் கரையில் பலர் இருக்கிறார்கள். மூலைகளை ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து மூடுவதில் அவர்கள் கை தேர்ந்தவர்கள். எங்கள் பெட்டியின் கூரை மூலைகளைப் போட்டது படகுப் பட்டறைக்காரர்தான். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இரும்புக் குழாயில் கூடு கட்டி, வெளியே தகடு அடித்து, உள்ளே பிளைவுட் அடிப்பது பழக்கமான முறை. கனம் கூடும் என்பது ஒரு குறை. வெளி வெப்பம் அந்த இரும்புக் குழாய் வழியாகவே உள்ளே வந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய குறை. அதோடு நம் ஊர் உப்புக் காற்று. சதுரக் குழாயின் உள்பக்கத்தில் துரு பிடிப்பது வெளியே தெரியவே தெரியாது. ஒரு நாள் சுத்தியலால் தட்டினால் உள்ளே போய்விடும். சப் ஃபிரேமுக்குச் சதுரக் குழாய் போட்டால் முனைகளை முழுக்க மூடிப் பற்றவையுங்கள். அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொள்ளும் இடங்களில் ரப்பரோ நைலானோ நடுவில் வையுங்கள். உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப் பொடியாகும்.

பேனல்களை இணைக்க, பஸ் கண்ணாடி ஒட்டப் பயன்படும் பாலியூரித்தேன் பசையை நம்பலாம். காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி இருக்கும், அதிர்வைத் தாங்கும். ரிவெட் மட்டும் அடித்தால் ஒவ்வொரு ரிவெட்டும் ஒரு துளை, ஒவ்வொரு துளையும் ஒரு நாள் ஒழுகும்.

பிறகு சேர்க்க வேண்டியவை

கட்டி முடித்து ஓட ஆரம்பித்த பிறகு, ஒவ்வொன்றாக மாற்றத் தோன்றும். முதலில் டயர். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில் இரண்டு டயருக்கும் நடுவே கல் மாட்டி டயரைக் கிழிக்கும். மணலில் முன் சக்கரம் அமுக்கிய தடத்தில் பின் சக்கரம் போகாமல் புதிதாகத் தடம் வெட்ட வேண்டியிருக்கும், அதற்கு இழுவை வீணாகும். எடையைத் தாங்கும் அகலமான ஒற்றை டயர் கிடைத்தால் அதற்கு மாறுங்கள். மணலில் காற்றைக் குறைப்பதும் முக்கியம். சாலையில் 60 பாயிண்ட் வைப்பவர் மணலில் 30க்கு இறக்கினால் டயர் தரையில் படும் நீளம் கூடி, புதையாமல் மேலே நடக்கும். மெதுவாக மட்டுமே ஓட்ட வேண்டும், சாலைக்கு ஏறும் முன் மறுபடி நிரப்ப வேண்டும். சின்னக் கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். ஒரு வேண்டுகோள்: மணல் பழகுவதற்குக் கடற்கரைக்குப் போகாதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன.

ஸ்பிரிங் பட்டை தொய்ந்ததும் “ஒரு பட்டை கூடச் சேத்துடலாம்” என்பார்கள். சேர்க்கலாம், ஆனால் ஸ்பிரிங் விறைப்பானால் நெளிய வேண்டிய வேலை சேஸுக்குப் போகும். அதற்கு முன் எடையைக் குறைக்க வழி பாருங்கள்.

மின்சாரத்தை யூனிட்டில் நினைத்தால் எளிது. 50 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் நம் வெயிலில் நாளுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். சீலிங் ஃபேனின் புது வகை மோட்டார் 30 வாட். பத்து மணி நேரத்துக்கு 0.3 யூனிட். விளக்கு, செல்போன், தண்ணீர் மோட்டார், ஒரு லேப்டாப் சேர்த்து இன்னும் 0.3. ஆக நாளுக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குள். 400 வாட் சோலார், நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட் தரும். பேட்டரியில், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 12.8 வோல்ட் 200 ஆம்பியர்-மணி என்றால் இரண்டரை யூனிட். ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம். ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், எடையும் இரண்டு மடங்குக்கு மேல். லித்தியத்துக்கு மாறும்போது வண்டியின் டைனமோவிலிருந்து நேராக வயர் இழுக்காதீர்கள். அந்த பேட்டரி கிடைத்த மின்சாரத்தையெல்லாம் இழுக்கும், டைனமோ சூடாகிக் கருகும். நடுவில், மின்சாரத்தை அளவாக விடும் ஒரு டி.சி. சார்ஜர் வேண்டும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். சோலார் பலகையைக் கூரையோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பொருத்தினால், அதுவே கூரைக்கு நிழலாகும்.

கேஸ் சிலிண்டரை உள்ளறைக்குள் வைக்க வேண்டாம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். வெளியிலிருந்து திறக்கும் தனி அறையில், அடிப்பக்கம் துளை போட்டு வையுங்கள்.

பதிவு விஷயத்தைக் கடைசியில் சொன்னாலும், செய்ய வேண்டியது முதலில். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே நேரம், தனிப்பட்ட பயன்பாட்டுக்கான கேம்பர் வேன் என்ற வகை 2004இல் மத்திய அரசு அறிவித்த பட்டியலில் இருக்கிறது. நம்பர் பலகை கடலூரின் டி.என். 31 ஆனாலும் புதுச்சேரியின் பி.ஒய். 01 ஆனாலும் சட்டம் ஒன்றுதான். வெட்டுவதற்கு முன் வரைபடத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்ப் பேசுங்கள். பாடி இல்லாமல் கேபின் சேஸாக விற்கும் வண்டியை வாங்கிக் கட்டினால் சிக்கல் குறைவு.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. முன் இடது சக்கரத்தையும் பின் வலது சக்கரத்தையும் தலா ஒரு முழ உயர மேட்டில், மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். கீழே இறங்கி, கேபின் முதுகுக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள இடைவெளியை இரண்டு மேல் மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சப் ஃபிரேம் எங்கே எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பாருங்கள். டீசல் ஊற்றும் குழாய், வயர், பிரேக் ஹோஸ் எதுவும் விறைத்து இழுபடக் கூடாது. பெட்டிக் கதவைத் திறந்து மூடுங்கள். அப்புறம் எதிர் மூலைகளை ஏற்றி, இதே வேலையை மறுபடி. 500 கி.மீ. ஓடிய பிறகு போல்ட் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு மூன்றாவது முறை.

எங்கள் வண்டியை ஸ்பிரிங் முறைக்கு மாற்றிய பின், அதே செம்மண் பள்ளத்துக்குக் கொண்டுபோனோம். மாமா அடியில் படுத்து டேப் வைத்து அளந்தார். முன் இடது பக்கம் சப் ஃபிரேம் சேஸை விட்டு 38 மி.மீ. எழும்பியிருந்தது. நான் பக்கவாட்டில் போய்க் கதவுக் கைப்பிடியைப் பிடித்தேன். ஒரு விரலில் திறந்தது.